இடது மட்டும்

ஆம்பூரைக் கொஞ்சம் மூச்சு விட்டுச் சொன்னால்
ஹாம்பர்க் என்று கேட்கும்.
போன ஆடியில் இன்வாய்ஸில்
சரக்கு இறங்கும் துறைமுகம் ஆம்பூர் என்று அடித்துவிட்டேன்.
பாலாற்றில் கப்பல் வராது என்பது
வங்கிக்காரனுக்கும் தெரியும்.
இருந்தும் பிழைக்கு எண்பது டாலர் பிடித்துக்கொண்டான்.

என் மேஜையில் நாடுகள் பாதங்களாகத்தான் வரும்.
ஜெர்மனி அகலம், நாற்பத்திரண்டு.
இத்தாலிக்கு விரல் பக்கம் ஒடுங்க வேண்டும்.
ஜப்பான் சென்டிமீட்டரில் பேசும்,
ஒரு தையல் தப்பினால் பெட்டியோடு திருப்பும்.
பிரிட்டனுக்குக் கறுப்பு,
அங்கே பள்ளிக்கூடம் திறக்குமுன் போய்ச் சேரணும்.
அமெரிக்கா
இந்த மாதம் பேச்சே இல்லை.
வரி ஏறிய சேதி வந்த மறுநாள்
ஆறாம் லைனில் டியூப்லைட்டை அணைத்தார்கள்.
ஏற்றுமதியில் சிறு சரிவு என்று பேப்பரில் போட்டிருந்தது.
பேர்ணாம்பட்டு வேனில் அன்று
கமருன்னிசா வரவில்லை, எஸ்தர்ராணி வரவில்லை,
எப்போதும் சண்டை நடக்கும் ஜன்னல் சீட்டில்
ஒரு டிபன் பை தனியாக உட்கார்ந்து வந்தது.

மாதிரி அனுப்பும்போது ஒற்றைதான் அனுப்புவோம்.
ஜோடியாய்ப் போனால் சரக்கு,
ஒற்றையாய்ப் போனால் வெறும் மாதிரி.
இடது கூரியரில் ஏறும்.
வலது எங்கள் அலமாரியில்,
சீட்டு கட்டி, கையெழுத்து வாங்கி.
பதினோரு வருஷத்து வலதுகள்.

மாதனூர் எத்திராஜ் கேட்டுக்கு வந்தது ஒரு புதன்கிழமை.
முன்பு இங்கே கன்டெய்னரில் பெட்டி ஏற்றினவர்.
நெடுஞ்சாலையைக் கடக்கையில்
ஒரு லாரி அவர் வலது முழங்காலுக்குக் கீழே
எடுத்துக்கொண்டு போய்விட்டது.
"ஒத்தக் காலுக்கு ஜோடிக் காசு குடுக்கறேன் சார்.
மிச்சத்த இன்னா பண்றது?
உங்ககிட்ட ஒண்டியா கெடக்குதாமே."

கிடந்தது. இருநூற்றுச் சொச்சம்.
அத்தனையும் வலது.

அலமாரியை மேலிருந்து கீழே பார்த்தார்.
"போன காலுக்குத்தான் சார்
இம்மாஞ் ஷூ வச்சினுகீறீங்க" என்று சிரித்தார்.
வாட்ச்மேனும் சிரித்துவிட்டு
பிறகு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

ஹாம்பர்க்கில் பிர்கிட் என்றொரு அம்மாள்,
எட்டு வருஷமாய் மெயிலில் மட்டும் பழக்கம்,
பெரும்பாலும் புகார்.
பழைய மாதிரிகள் இருக்கிறதா என்று கேட்டேன்,
காரணமும் எழுதினேன்.
மூன்று நாள் பதிலில்லை.
நாலாம் நாள் ஒரு பார்சல் எண் மட்டும் வந்தது.

மீனம்பாக்கத்தில் பிடித்து வைத்தார்கள்.
பத்தொன்பது ஷூ, ஏன் எல்லாமே இடது?
இந்தியாவில் செய்தது ஏன் இந்தியாவுக்கு வருகிறது?
மதிப்பு என்ன?
வணிக மதிப்பு இல்லை என்று எழுதிக் கொடுத்தேன்.
போகும்போதும் இதையேதான் எழுதியிருந்தோம்.
அதிகாரி ஒன்றை எடுத்து உள்ளே கைவிட்டுப் பார்த்தார்,
அங்கே காலில்லை என்பது உறுதியானதும்
முத்திரை குத்தினார்.

எத்திராஜ் நாலுதான் எடுத்துக்கொண்டார்.
"ஒரு காலு எவ்ளோ தேயும் சார்?"
பழுப்பு, கறுப்பு, மறுபடி கறுப்பு,
ஆசைக்கு ஒரு நீலம்.

மிச்சப் பதினைந்தை அலமாரியில் வைத்தேன்.
பக்கத்திலேயே அவற்றின் வலதுகள்.
மானேஜர் பார்த்துவிட்டார்:
ஜோடி சேர்ந்தால் அது ஸ்டாக் ஆச்சேப்பா, கணக்கில் ஏற்று.
ஏற்றினேன்.

தனியே நின்ற நாலு வலதுகளின் சீட்டை மட்டும்
மாற்றி எழுதவேண்டி வந்தது.
இடது அனுப்பிய ஊர்: ஹாம்பர்க், அடித்தேன்.
மாதனூர், எழுதினேன்.
வாங்கும் நாடு என்ற கட்டத்தில்
பேனா கொஞ்ச நேரம் நின்றது.
வேன் ஹாரன் அடித்தது.
அப்படியே விட்டுவிட்டு இறங்கினேன்.