நேராகாத ஐந்தொகை

அந்தத் தாளைத் தட்டச்சு செய்தவள் நான்,
எர்மெலிண்டா சூரா,
கலாஹவிரா நகராட்சியின் உதவிக் கணக்கர்.
பாலத்துக்கு வந்த பணம்
நான்கு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் சோல்.
ஆற்றில் நிற்பவை இரண்டு தூண்கள்.
மீதம் என்ற இடத்தில் எண் போடவில்லை,
ஒரு கோடு போட்டேன்.
என் கோபம் அந்தக் கோட்டின் நீளம்தான்
அன்றுவரை.

ஜனவரி வெள்ளத்தில் என் அண்ணன் மகள் போனாள்.
மூன்றாம் நாள் கோரைப்புதரில் கிடைத்தபோது
பள்ளிப்பை முதுகிலேயே இருந்தது,
வார் அவிழாமல்.
அதற்கு முன்பே எட்டு மனுக்கள் எழுதியிருந்தோம்.
எட்டுக்கும் முத்திரை கிடைத்தது.
நீல மை, அழகான வட்டம்.

ஏப்ரலில் ஒரு திங்கள்.
மருந்துக் கடைக்காரர் என் தாளை நாற்பது நகல் எடுத்தார்.
எரிவாயு உருளை விற்கும் வண்டி
அன்று தன் ஒலிபெருக்கியில்
என் எண்களைக் கூவிக்கொண்டு போனது.
காலையில் அவரை மேயர் என்றோம்.
பத்து மணிக்கு அவன்.
நண்பகலில், விளக்குக் கம்பத்தில் கட்டியபின்,
"அது இன்னும் மூச்சு விடுகிறதா?" என்று யாரோ கேட்டார்கள்.

எவாரிஸ்தோ லரிக்கோவின் ஒரு காலணி
எங்கோ கழன்று விழுந்திருந்தது.
காலுறையின் குதிகாலில் தையல்,
வேறு நிற நூலில்.
அது எனக்கு எதையும் நிரூபிக்கவில்லை.
கஞ்சத் திருடர்களும் உலகத்தில் உண்டு.

கூட்டத்தில் என்னைக் கண்டதும் அவர் சொன்னது:
"எர்மெலிண்டா, ஏழாம் பக்கத்தைப் படி."

ஏழாம் பக்கத்தை நான் தட்டச்சு செய்யவில்லை.
அதில் இருந்த கையெழுத்துகள்
மலைக்கு அப்பால், மாடிக் கட்டடங்களில்.
நாங்கள் எறியும் கல் அவ்வளவு தூரம் போகாது.
கை எட்டிய கழுத்தைப் பிடித்தோம்,
பிறகு அதற்கு நீதி என்று பெயர் வைத்தோம்.
வாய் திறந்து படித்திருக்கலாம்.
என் கையில் தண்ணீர்ப் புட்டிகூட இருந்தது.
இரண்டையும் வைத்துக்கொண்டு நின்றேன்.

அண்ணன் அன்செல்மோ சிறையில் இருக்கிறான்.
மாதம் ஒருமுறை வறுத்த மொச்சை கொண்டுபோகிறேன்.
"வருந்தவில்லை" என்கிறான்.
"அவனுக்குப் பின் வந்தவன்
எங்களைக் கண்டால் எழுந்து நிற்கிறான், பார்த்தாயா?"
உண்மைதான், எழுந்து நிற்கிறார்.
இரவில் ஊரில் தூங்குவதில்லை.
ரசீது இல்லாமல் எதையும் திருடுவதும் இல்லை.
"அந்தப் பையைக் கழற்றியது நீயா, நானா?"
இதை அவன் கேட்கும்போது
நான் மொச்சையின் தோலை உரிக்கிறேன்.
என்னிடம் பதில் இல்லை.
இருப்பதுபோல் பேசுகிறவர்களை
நான் நம்புவதும் இல்லை.

கணக்குத் தீர்த்தோம் என்கிறது ஊர்.
தீர்ந்த கணக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்:
இரண்டு பக்கமும் ஒரே தொகை வரும்,
அடியில் இரட்டைக் கோடு இழுப்போம்.
இதில் ஒரு பக்கம் ஒன்பது வயதுச் சிறுமி.
மறுபக்கம் ஐம்பத்திரண்டு வயதுத் திருடன்.
இழுத்துப் பார்த்துவிட்டேன், கோடு நிற்கவில்லை.
தூண்கள் இரண்டும் அப்படியே.
அவற்றுக்கிடையே கம்பி கட்டி
டயர் டியூபில் பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள்.

போன வாரம் வீட்டு வரி கட்ட
அவர் மனைவி பவுலினா வந்தாள்.
முகப்பில் என்னைத் தவிர யாரும் இல்லை.
"எவ்வளவு எடுத்தார்?"
"அறுபத்தோராயிரம்."
"அவ்வளவுக்கா?"
குறைவு என்கிறாளா, அதிகம் என்கிறாளா,
குரலில் தெரியவில்லை.
"மீதி?"

ஏழாம் பக்கம் என் வீட்டில்,
மாவு டப்பாவின் அடியில்.
ரசீதைக் கிழித்துக் கொடுத்தேன்.
அவள் மீதிச் சில்லறையை எண்ணினாள்.
என்னைப் பார்த்தாள்.
மறுபடி எண்ணினாள்.