ஈரப்பதக் குறிப்பேடு

கத்திரி முடிந்துவிட்டது;
வெயிலுக்கு யாரும் சொல்லவில்லை.
ஆரம்பாக்கத்துப் படகு
பாதி ஏரிவரை மோட்டாரில் வருகிறது,
மீதிக்குக் கழி.
இறங்குபவர்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு
சேறு தாண்டி, உப்பு பூத்த தரை தாண்டி
கடல் பக்கம் வரவேண்டும், ஓவியம் பார்க்க.
நேற்று மூன்று பேர்.
முந்தாநாள் யாருமில்லை;
கதவோரம் நின்றுவிட்டுப் போன ஆட்டைப்
பதிவேட்டில் சேர்க்கலாமா என்று
கொஞ்ச நேரம் யோசித்தேன்.

முன்பு இது ஐஸ் ஃபேக்டரி.
இறால் காலம் போனதும் பூட்டிக் கிடந்ததைச்
சென்னைக்காரர்கள் வாங்கி வெள்ளையடித்தார்கள்.
நாலு பூச்சுக்கும் அடியிலிருந்து
காற்று நிற்கும் மத்தியானங்களில்
அம்மோனியா லேசாக மூக்கில் ஏறும்.
என் வேலை இரண்டு:
படங்களைத் தொடவிடாமல் பார்ப்பது,
காலை பத்துக்கும் மாலை ஐந்துக்கும்
அறையின் ஈரத்தை எழுதிவைப்பது.
எழுபத்தெட்டு. எண்பத்தொன்று.
ஈரம் உறிஞ்சும் இயந்திரம்
ராத்திரி முழுக்க முனகி
விடிவதற்குள் ஒரு வாளி நிரப்பும்.
கடற்காற்றிலிருந்து பிழிந்த தண்ணீர்,
துளி உப்பு கிடையாது.

அந்த வாளிக்குத்தான் பங்காரம்மா வருவாள்.
தீவுக் கிணறு கரிக்கத் தொடங்கி ஒரு மாதம்.
கேன் தண்ணீர் மனுஷருக்கு,
இது ஆட்டுக்கும் கோழிக்கும்.
குடத்தில் சாய்த்துக்கொண்டு
ஃபேனுக்குக் கீழே கொஞ்சம் நிற்பாள்.
எதிரே மாட்டியிருந்தது அந்தப் பெரிய நீலப் படம்
என்பது தற்செயல்.

ஒருநாள் கேட்டாள்:
"இது எந்த மாசத்துக் கடல்?"
சீட்டைப் பார்த்தேன். 'பெயரிடப்படாதது.'
"முகத்துவாரம் தொறந்திருக்கே.
இப்பப் போய்ப் பாரு, மணல் மூடி
நாய் நடந்து போவுது அந்தக் கரைக்கு.
இது ஐப்பசி."
அன்று மாலை எண்ணுக்குப் பக்கத்தில்
ஐப்பசி என்று பென்சிலில் எழுதினேன்.
யாரும் ஏனென்று கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஒரு ஜோடி வந்து
பத்தே நிமிஷத்தில் நீலத்தை வாங்கிவிட்டது.
சீட்டின் ஓரம் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினேன்.
மறுநாள் குடத்தோடு வந்தவள்
"கடலுக்கு எதுக்குப் பொட்டு?" என்றாள்.
வித்தாச்சுன்னு அர்த்தம் என்றேன்.
"வித்தப்புறமும் இங்கயே இருக்கு?"
கண்காட்சி முடியிற வரைக்கும். அப்புறம் வந்து எடுத்துக்குவாங்க.
அவள் கொஞ்ச நேரம் ஃபேனைப் பார்த்தாள்.
"எனக்கு ஒண்ணு குடு."

நெற்றிக்கு என்று நினைத்துக் கொடுத்தேன்.

ஐந்து மணிக்குக் கதவு சாத்தப் போனபோது தெரிந்தது:
கரையில் ஏற்றிப்போட்டிருந்த அவள் படகின் மூக்கில்,
மஞ்சள் பெயின்ட்டில் எழுதிய பெயர் முடிகிற இடத்தில்,
சுண்டுவிரல் நகம் அளவு சிவப்பு.
தடாவில் யாருக்கோ, எவ்வளவுக்கோ.
தடைக்காலம் முடிய ஆறு நாள் இருந்தது.
அதுவரை அதுவும் இங்கேயே இருக்கும்.

படம் வியாழக்கிழமை போனது,
நாலு பேர் தலைமேல், சேற்றில் கால் புதைய.
படகு எப்போது போனதென்று தெரியாது.
காலையில் மணலில் அடிக்கட்டை இழுபட்ட கோடு இருந்தது,
நண்டுகள் அதைக் குறுக்கே கடந்துகொண்டிருந்தன.

சுவரில் இப்போது ஆணிகள்தான்.
இயந்திரத்தை நிறுத்தச் சொல்லி இரண்டு முறை போன் வந்தது.
சரி என்று சொல்லியிருக்கிறேன்.

காலை பத்து மணி. எழுபத்தாறு.
வாளி நிறைந்திருக்கிறது.