மைனஸ் எண்பது

மின்சாரம் போய் ஐந்தாவது மணித்தியாலம்.
ஜெனரேட்டர் கடைசிச் சொட்டு டீசலையும் குடித்துவிட்டு
இருமி அடங்கிற்று.
உறைபெட்டியின் பற்றரி மட்டும் விழித்திருந்து
எண்ணைச் சொல்கிறது: மைனஸ் எழுபத்தொன்று.
சொல்லிவிட்டுக் கூவுகிறது.

உள்ளே இருப்பது இரத்தம்.
போன ஆவணியில், மடுவுக்கு அப்பால்,
குளம் வெடித்துக் கிடந்த கிழமை
அறுபத்திரண்டு ஊர்மாடுகளை வெயிலில் நிறுத்தி
பன்னிரண்டரைக்கு எடுத்தது.
அன்று மயங்கி விழுந்தது நான்தான்.
இருபத்தேழாம் இலக்கப் பசு
அசைபோட்டபடி என்னைப் பார்த்தது.
அதற்கு வைத்த வாளித் தண்ணீரைத்தான்
மருசலீன் என் தலையில் ஊற்றினார்.

மரபணு எல்லா நேரமும் எல்லாவற்றையும் பேசாது.
வெயில் ஏற ஏறச் சில மட்டும் வாய் திறக்கும்:
குலைகிற புரதத்தைப் பிடி, மடித்து வை,
வியர்வையை இன்னும் கொஞ்சம் விடு,
உள்ளே எரிகிற அடுப்பைத் தணி.
எத்தனை ஆயிரம் கோடைகள்
செத்தவற்றைக் கழித்துக் கழித்து எழுதிய பேச்சு.
அதன் எதிரொலிதான் இந்தக் குழாய்களில்;
உருகினால் ஒரு பகல்கூட நில்லாது.

நாற்பது பாகையில் பிறந்த சொல்லை
இவ்வளவு பனிக்குள் புதைத்தால்தான்
நாளைக்கு வாசிக்கலாம்.
நினைக்கச் சிரிப்பு வந்தது.
ரிஸ்மியா சிரிக்கவில்லை.
புறக்கோட்டையில் மீன் விற்கிற அவளுடைய மாமா
ஐஸ் தருகிறேன் என்கிறார்.
ஐஸ் சைபர். சைபர் போதாது.

நாரஹேன்பிட்டியில் ஒரு பாற்கம்பனி,
அவர்களிடம் திரவ நைதரசன் இருக்கிறதாம்.
தும்முல்லைச் சந்தியில் த்ரீவீல்காரன்
நாலாயிரம் கேட்டான். கொடுத்தோம்.
மடியில் றெஜிபோம் பெட்டி,
பிள்ளையைப் பிடிப்பதுபோல் அல்ல,
குண்டைப் பிடிப்பதுபோல்.

கனத்தைச் சுற்றுவட்டத்தைப் பெற்றோல் வரிசை
பாம்பாய்ச் சுற்றிக் கிடந்தது.
கார்க் கதவுகள் விரியத் திறந்து,
சேர்ட்டைக் கழற்றிய மனிதர்கள்
கடதாசி மட்டையால் விசிறிக்கொண்டு.
இரண்டு வானுக்கு நடுவே தாரில் படுத்திருந்தது
ஒரு நாம்பன்.
சின்னத் திமில், தொங்குகிற தாடி,
எண்ணெய் பூசியதுபோல் மினுங்குகிற குறுமயிர்.
காதில் இலக்கம் இல்லை.
யாரோ விசிறி முடித்துப் போட்ட மட்டையைத்
தின்றுகொண்டிருந்தது.

கொழும்பு வெயில் வேறு.
ஈரச்சாக்கைப் போர்த்தியது, வியர்வை காயவே விடாது.
வரண்ட மண்ணில் படித்த மாட்டுக்கு
இதற்கும் ஒரு விடை தெரியுமா?
எங்கள் ஆய்வில் அந்தக் கேள்வி இல்லை.
அது படுத்திருந்தது, அவ்வளவுதான்.
வரிசை ஒரு கார் தூரம் நகர்ந்தபோது
எல்லோரும் தள்ளினார்கள். அது எழும்பவில்லை.
வரிசை அதைச் சுற்றிப் போயிற்று.

கம்பனியில் மூடியைத் திறந்தார்கள்.
வெண்புகை முழங்கால்வரை வழிந்தது.
உள்ளே ஏற்கெனவே குடியிருந்தன
நிற நிறமாய் மெல்லிய குழல்கள்:
கப்பல் ஏறாமலே வந்துவிட்ட
ஜேர்சிக் காளைகளின் வித்து.
எது கலந்து கலந்து
ஊர்மாடு ஊரில் இல்லாமல் போகிறதோ
அதன் பக்கத்தில், அதே புகையில்,
அறுபத்திரண்டு பேரையும் இறக்கினேன்.
இடம் தந்ததற்குக் கையெழுத்தும் வைத்தேன்.

படியிறங்கும்போது மருசலீன் அழைத்தார்.
பால்மா கிடையாது, பாலுக்கு நல்ல விலை,
ஊர்மாடு ஒன்றரைப் போத்தலுக்கு மேல் தராது.
“கொழும்பிலதானே நிக்கிறீங்கள் பிள்ளை,
ஒரு ஜேர்சி ஊசி ஒழுங்குபண்ண ஏலுமே?
இருபத்தேழுக்குத்தான்.”
இலக்கத்தை அவர் பெயராக்கியிருந்தார்.

பார்க்கிறேன் என்றேன்.

ஆய்வுகூடத்துக்குத் திரும்பியபோது
மின்சாரம் வந்திருந்தது.
சிவப்பு எண் இறங்கிக்கொண்டிருந்தது,
எழுபத்து மூன்று, எழுபத்து நாலு,
வெறும் பெட்டிக்காக.