அக்குளில் ஒரு குப்பி

ஆறாமல் கொண்டுவர வேண்டும் என்றாள் நர்ஸ்.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
தர்கான் நகரப் பேருந்தில்
மேலங்கிக்குள், சட்டைக்குள், வலது அக்குளில்
மூடி இறுக்கிய பிளாஸ்டிக் குப்பி.
டிக்கெட் காசை இடக்கையால் நீட்டினேன்.
மரியாதை தெரியாதவன் என்று
முறைத்தாள் நடத்துனர்.

என் பெயர் நெர்குய்.
பெயரில்லை என்று பொருள்.
எனக்கு முன் பிறந்த இரண்டும் தங்காததால்
கெட்ட ஆவிகள் கூப்பிட்டுத் தேட முடியாதபடி
வைத்தது.
ஆவிகள் ஏமாந்தன.
கிருமிக்குப் பெயர் தேவைப்படவில்லை.

முடிவுத் தாளில் பூஜ்ஜியம்.
"குறைவு என்றால் எவ்வளவு..." என்று இழுத்தேன்.
"குறைவு இல்லை. இல்லவே இல்லை."
மருத்துவர் பேனாவை மூடினார்.
"முன்பு எப்போதாவது எரிச்சல்? சீழ்? விதையில் வீக்கம்?"

கஷூன் சுகைத் எல்லை. பதினோரு வருஷம் முன்.
நிலக்கரி லாரிகள் ஐந்து நாள், ஆறு நாள்
நகராமல் நிற்கும்.
இரவில் யாராவது கதவைத் தட்டுவார்கள்.
ஒருமுறை நானும் திறந்தேன்.
ஒருமுறை என்றா சொன்னேன்?

வெட்டை, என்று சிரித்தான் பின்லாரிக்காரன்.
அவனே பாதி அட்டை மாத்திரை கொடுத்தான்.
மூன்றாம் நாள் எரிச்சல் போய்விட்டது.
மீதியை அவனிடமே திருப்பிக் கொடுத்தேன்,
நல்லவன் மாதிரி.

"போகவில்லை, உள்ளே போனது" என்றார் மருத்துவர்.
சீட்டின் பின்பக்கம் வரைந்தார்:
நூலைவிட மெல்லிய சுருள் குழாய்,
தழும்பேறி அடைத்திருக்கலாம், இரண்டு பக்கமும்.
ஊசியால் எடுத்துப் பார்க்கலாம், உறுதி சொல்ல முடியாது.
சரக்கு இருக்கிறது, எல்லை மூடியிருக்கிறது
என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஏழு வருஷமாக டோல்கோர் கசாயம் குடிக்கிறாள்.
என் அம்மா பார்சலில் அனுப்பும் வேர்கள்.
இடுப்பில் குளிர் ஏறியவள் என்று
ஒரு கல்லில்கூட அவளை உட்கார விட்டதில்லை
எங்கள் வீட்டார்.
பழி ஓரிடம்.
பாவம் இதோ
பேருந்தில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு வருகிறது.

"மனைவியையும் அழைத்து வாருங்கள்.
அவருக்கும் தொற்றியிருக்கலாம்,
வலியே இல்லாமல்."
இதை மட்டும் சீட்டில்
அடிக்கோடிட்டிருந்தார்.

திரும்பும்போதும் அதே நடத்துனர்.
வலக்கையால் கொடுத்தேன்.
அவள் பார்க்கக்கூட இல்லை.

கதவைத் திறந்ததும் வேரின் வாடை.
பூட்ஸைக் கழற்றாமல்
அடுப்பருகே போய்,
அதைக் கொட்டிவிடு என்றேன்.

கரண்டியோடு திரும்பினாள் டோல்கோர்.
ஏன் என்றாள்.