திமில்: நூற்றுப் பத்து மில்லிமீட்டர்

ராக்ஹாம்ப்டன். வெளியே முப்பத்தெட்டு டிகிரி.
குளிரறைக்குள் இரண்டு.
தோலுரித்து, தலை எடுத்து, நெடுக இரண்டாகப் பிளந்து
கொக்கியில் தொங்குகிறவற்றின் நடுவே
எஃகு அளவுகோலோடு நடப்பது என் வேலை.

கொழுப்பின் நிறத்துக்கு ஓர் அட்டை.
முதுகெலும்பின் குருத்து எவ்வளவு முற்றியது என்பதற்கு ஒரு கணக்கு.
கடைசியில் கழுத்துக்குப் பின்னால் கை வைத்து
திமிலை அளக்க வேண்டும்.
இங்கே அதற்கு ஹம்ப் என்று பெயர்.
நான் மனசுக்குள் திமில் என்றே சொல்லிக்கொள்கிறேன்.
அப்படிச் சொன்னால் கொஞ்சம் பெரிதாகத் தெரிகிறது.

இன்று வந்த மந்தை கிரெய்க் வெதரால் என்பவருடையது.
படிவத்தில் அவரே கையெழுத்திட்டிருக்கிறார்:
இனம் ஆங்கஸ். வெப்பநாட்டுக் கலப்பு, சுழியம்.
சுழியத்தை அழுத்தி எழுதியிருக்கிறார்,
அடுத்த தாளிலும் பதிந்திருக்கிறது.

நானூற்றுப் பதினெட்டாம் எண்ணில்
கோல் நூற்றுப் பத்தில் நின்றது.

மறுபடி வைத்தேன்.
விரல் மரத்துவிட்டதோ என்று கையுறையைக் கழற்றிவிட்டு வைத்தேன்.
நூற்றுப் பத்து.
சுழியம் என்று எழுதப்பட்ட மாடு
ஐந்து விரற்கடை உயரத்துக்குத்
தன் பாட்டனைச் சுமந்துகொண்டு தொங்கியது.

அந்தப் பாட்டனின் சாதிக்கு இங்கே பிராமன் என்று பெயர்.
யார் வைத்த பேரோ.
நெல்லூர்ப் பக்கமோ குஜராத்தோ, எங்கெங்கோ கப்பலேறி
எந்தெந்தத் துறைமுகமோ சுற்றி வந்த ரத்தம்.
வெயில் தாங்கும், உண்ணி தாங்கும் என்று கொண்டுவந்தார்கள்.
தாங்கியது.
லேபிளில்தான் இடமில்லை.

மேற்பார்வைக்கு வந்த ஷெரில் குனிந்து பார்த்தாள்.
"கோலைச் சாய்த்துப் பிடித்திருப்பாய்."
சாய்க்கவில்லை.
"சரி, உள்ளதைப் போடு. தரம் ஒரு படி இறங்கும், அவ்வளவுதான்."
அப்போ கறுப்பு லேபிள்?
"அது வேறு கணக்கு."

தோலில் பாதிக்கு மேல் கறுப்பிருந்தால் போதுமாம்.
நேற்றே பட்டியில் ஒருவன் பார்த்து டிக் போட்டாயிற்று.
தோல் எங்கே என்றேன்.
உப்புத் தடவி லாரியில் போய்விட்டது.

குளிரறையில் சிரித்தால் வாயிலிருந்து புகை வரும்.
கறுப்பாக இருந்தால் விலை கூடுகிற ஓரிடம் உலகத்தில் இருக்கிறது,
நான் அதற்குள் சம்பளத்துக்கு நிற்கிறேன்.

என்னிடமும் ஒரு சான்றிதழ் உண்டு.
பெட்டியின் அடியில், லேமினேட் செய்தது,
வட்டாட்சியரின் பச்சை மை.
யாரும் என் முதுகில் கோல் வைத்துப் பார்க்கவில்லை.
அப்பாவின் தாளைப் பார்த்து என் தாளை எழுதினார்கள்,
அவருடையதை, அவருடைய அப்பா சொன்னதைக் கேட்டு.
ஒருத்தரும் அதைச் சந்தேகப்பட்டதில்லை.
சந்தேகப்பட மாட்டார்களா என்று
ஹாஸ்டலில் சில ராத்திரி படுத்திருக்கிறேன்.

விசாவுக்கு அதைக் கேட்கவில்லை.
பிரிஸ்பேனில் ஒரு தமிழ் வீட்டு விருந்தில்தான்
"ஊர் எந்தப் பக்கம்? ஓ, ஊருக்குள்ளேயா, தள்ளியா?" என்று
சாம்பார் ஊற்றிக்கொண்டே
கோலை மெதுவாக வைத்துப் பார்த்தார்கள்.
சாய்க்காமல்தான் பிடித்தார்கள்.

சனிக்கிழமை சூப்பர் மார்க்கெட்டில்
கறுப்பு அட்டை, பொன்னெழுத்து, கிலோவுக்கு எட்டு டாலர் கூடுதல்.
நானூற்றுப் பதினெட்டு என்று எதிலும் எழுதியிருக்கவில்லை.
பக்கத்தில் இனம் சொல்லாத பொட்டலம், நாளை காலாவதி, பாதி விலை.
அதை வாங்கி மிளகு தூக்கலாக வறுத்தேன்.
மெல்லக் கொஞ்சம் நேரமானது.

திங்கட்கிழமை வெதரால் போன் செய்தாராம்.
சுழியம்தான், மூன்று தலைமுறையாக என் மந்தை சுத்தம்,
உங்கள் பெண்ணுக்கு அளக்கத் தெரியவில்லை என்றாராம்.
பொய் சொல்கிற குரலில்லை என்றாள் ஷெரில்.

இருக்கலாம்.
பக்கத்துப் பண்ணையில் என்ன மாடு,
நடுவிலிருக்கிற வேலி எவ்வளவு உயரம் என்று
கேட்கத் தோன்றியது.
என் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.