பொருத்தம்

ஸ்கார்பரோவிலிருந்து மைத்துனி அனுப்பிய பம்ப்.
வாரண்டி முடிந்தது, ஆனாலும் ஓடும்.
வெள்ளவத்தை பாமசியில் கிடைக்கிற சென்சரோ
அதனோடு பேசாதாம்.
“வேற கொம்பனி, மிஸ்” என்றான் பெடியன்,
வேற சாதி என்பதுபோல.

பில்லின் பின்பக்கம் கணக்குப் போட்டேன்.
பதினாலு நாளைக்கு ஒரு சென்சர்,
மூன்று நாளைக்கு ஒரு குழாய்,
வாடகை, கரண்ட், மகனின் ஸ்கூல் வேன்.
பேனையில் மை இருந்தது,
சம்பளம் பாதியிலேயே நின்றுவிட்டது.

பெரியாஸ்பத்திரியில் இன்சுலின் சும்மா.
வரிசைக்கு மட்டும் அரைநாள் லீவு.

என்றாலும் சென்சர் ஒன்றே ஒன்று வாங்கினேன்.

இரவு மூன்றேகால்.
தலைமாட்டில் போன் கத்தியது: அறுபத்திரண்டு.
இடுப்பில் பம்ப்
ஒன்றும் காதில் விழாமல்
சொட்டிக்கொண்டிருந்தது.
நானே எழும்பி அதன் வாயைப் பொத்தினேன்.
நடுங்கிய கையால் சீனியை அள்ளித்
தேத்தண்ணியில் பாதி, மேசையில் பாதி.
கடலோரத் தண்டவாளத்தில்
முதல் ரயில் போகும்வரை குந்தியிருந்தேன்.

இரண்டும் குடியிருப்பது என் தோலில்தான்.
ஒன்றின் சொல்லை மற்றதுக்குக்
கொண்டுபோகிறேனே,
அந்தத் தரகுக் கூலியை
பில்லின் எந்த வரியில் எழுத?