கடைசி எட்டுப் பக்கம்

மன்னவனூர் ஏரிக்குப் பரிசல் ஏற வருகிறவர்கள்
குடையை மறப்பார்கள்,
ஒற்றைச் சாக்ஸை, பால்புட்டி மூடியை.
ஒருத்தி ஒரு நாவலை மறந்துவிட்டுப் போனாள்.
மேலட்டையில் ஏரி, படகு,
முந்தானை நனையாமல் நீரில் நிற்கிற பெண்.

மழை நாள். ஒரு வண்டியும் வரவில்லை.
ஆம்லெட் கல்லின் சூட்டில் கை காய்ச்சிக்கொண்டு
படித்தேன்.

அதில் வருகிறவளுக்கும் கல்யாணம் முறிகிறது.
அவளுக்கும் நீரோரம் ஒரு கடை கிடைக்கிறது:
பெரியப்பா உயில் எழுதிவிட்டுச் செத்துப்போகிறார்.
எனக்கு எந்தப் பெரியப்பாவும் சாகவில்லை.
குழுக்கடன் நாற்பதாயிரம்,
வத்தலக்குண்டு அடகுக் கடையில் இரண்டு வளையல்,
தகரம் நாலு,
காற்று தூக்கிப்போகாமல் இருக்க
தகரத்தின் மேல் கல் ஏழு.

அவளுடைய ஊரில் மூடுபனி
ஜன்னலுக்கு வெளியே மரியாதையாக நிற்கிறது.
என்னுடையது உள்ளே வந்து
சர்க்கரை டப்பாவில் உட்கார்ந்துகொள்ளும்.

அவளைத் தேடிப் படகில் ஒருவன் வருகிறான்,
வெள்ளைச் சட்டையை முழங்கை வரை மடித்துவிட்டு.
இங்கே வருகிறவன் தனிஸ்லாஸ்.
பரிசல் ஓட்டுகிறவன். குரங்குக் குல்லா.
கணுக்காலில் அட்டை கடித்த இடத்தில் சுண்ணாம்பு.
பாதி நாள் பூண்டுக் காட்டில் கூலி என்பதால்
அவனுக்கு முன்னால் அவன் வாசனை வந்துவிடும்.
மூன்று மாதமாக ஒரே வாக்கியம்:
"அக்கா, சக்கரை கம்மியா."
போன செவ்வாய்க்கிழமை
அக்காவைக் காணவில்லை.
"சக்கரை கம்மியா" என்றான்
டம்ளரைப் பார்த்து.

அன்றைக்கு முப்பத்தாறாம் பக்கத்தை
மூன்று தடவை படித்தேன்.

எண்பதாம் பக்கத்தில்
பழைய வீட்டிலிருந்து ஆள் வருகிறது, சண்டைக்கு.
எனக்கும் வந்தது, கடைசி பஸ்ஸில்.
பூம்பாறை வளைவுகளில் வாந்தியெடுத்து வெளுத்த முகம்,
ஒரு கையில் துணிப்பை, மறு கையில் மிக்ஸி.
பெர்னதெத். என் புருஷனாக இருந்தவனின் தங்கை.
"அண்ணி, அந்த வீட்ல இனிமே என்னால முடியாது.
மிக்ஸி என் காசுல வாங்குனது."

விவாகரத்துக் காகிதத்தை எடுத்துப் பார்த்தேன்.
நாத்தனாரைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.
இருந்த ஒரே பாயில்
மகளை நடுவில் போட்டு மூவரும் படுத்தோம்.

இப்போது கடையில் தக்காளிச் சட்னி உண்டு.
பலகையில் என் பெயருக்குக் கீழே
சாக்பீஸால் தன் பெயரையும் எழுதியிருக்கிறாள்.
மழை அழிக்கும். விடிந்ததும் எழுதுவாள்.

நாவலில் கடைசி எட்டுப் பக்கம் இல்லை.
பழனியிலிருந்து வந்த காலேஜ் பையன்களுக்கு
பெர்னதெத் அதில் பஜ்ஜி மடித்துக் கொடுத்துவிட்டாள்.
எண்ணெய் குடித்த எங்கள் முடிவு
பூம்பாறை தாண்டிப் போயிருக்கும் இந்நேரம்.

"அவங்க சேந்துட்டாங்களாம்மா?" என்று டெல்பின்.
"சேராம எங்க போவாங்க" என்று பெர்னதெத்,
மிளகாய்க் காம்பு கிள்ளியபடி.
தனிஸ்லாஸ் வெகுநேரம் யோசித்துவிட்டு,
"அந்தக் கடை கூரை ஒழுகுமா?
அதப் பத்தி ஏதாச்சும் போட்டிருக்கா?" என்றான்.

போடவில்லை.
இருநூறு பக்கத்தில் ஒரு தரம்கூட.

மறுநாள் வெயில் வந்த ஒரு மணி நேரத்தில்
பரிசலுக்குப் பூசுகிற தார் டப்பாவோடு வந்து
கூரையில் ஏறினான்.
கற்களை ஒவ்வொன்றாகக் கீழே நின்று வாங்கினேன்.
ஓட்டைகளை உள்ளிருந்து டெல்பின்
குச்சி நீட்டிக் காட்டிக்கொடுத்தாள்.
பூசி முடித்த பிறகு, அதே கற்கள், அதே வரிசை, மேலே.
ஏழாவதைத் தூக்கிக் கொடுக்கும்போது சொன்னான்:
"கனமா இருக்கு, பாத்து, ஜெசிந்தா."

உள்ளே மிக்ஸி நின்றது.
நாத்தனார் காதுக்கு எதுவும் தப்பாது.

இறங்கி வந்தவனுக்கு டீ கொடுத்தேன்.
கை எப்படிப் போனதோ,
இரண்டு கரண்டி சர்க்கரை விழுந்திருந்தது.
ஏரியைப் பார்த்தபடி குடித்தான்.
ஒன்றும் சொல்லவில்லை.